கெட்டி பூட்ஸா, மெத்து பூட்ஸா? ஸ்னோபோர்டு பந்தயத்தில் எந்தப் பக்கம் போவது

பனிச்சரிவில் ஒற்றைப் பலகையில் சறுக்கி இறங்கும் ஸ்னோபோர்டு பந்தயத்தைத் தொழிலாக்கிக்கொள்ள நினைக்கும் பிள்ளை, 16 வயதை ஒட்டி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். சிவப்பு, நீலம் என்று இரண்டு பாதைகள் அருகருகே இறங்க, ஆளுக்கொரு பாதையில் கம்பம் கம்பமாக வளைந்து ஓடும் பேரலல் ஜெயன்ட் ஸ்லாலமா? நாலு பேர் ஒரே பாதையில் மேடும் பள்ளமும் தாவலுமாக முட்டிமோதி இறங்கும் ஸ்னோபோர்டு கிராஸா? ஹாஃப்பைப், ஸ்லோப்ஸ்டைல் போன்றவை நடுவர் மதிப்பெண்ணில் முடிகிறவை. முதலில் வருகிறவர் ஜெயிப்பது இந்த இரண்டில்தான்.

இரண்டையும் நடத்துவது எஃப்.ஐ.எஸ் என்ற ஒரே சர்வதேசக் கூட்டமைப்பு. உலகக் கோப்பையில் முதலிடத்துக்கு 100 புள்ளி, அடுத்து 80, 60 என்பதும் இரண்டுக்கும் ஒன்றே. அதனால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரே தொழிலின் இரண்டு கிளைகள்போலத் தெரியும். இறங்கியவர்களுக்குத் தெரியும், சாமான், உடம்புக்கு வரும் சேதம், சம்பளம், ஓய்வுபெறும் வயது எதுவுமே ஒத்துப்போகாது என்று.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளையின் காலைப் பார்க்கும் முன் நாட்டைப் பாருங்கள். அந்த நாட்டுச் சங்கத்தில் பேரலலுக்கென்று முழுநேரப் பயிற்சியாளர் இருந்து, வீரருக்கு மாதச் சம்பளம் போடும் ராணுவமோ காவல்துறையோ இருந்தால் பேரலல். இல்லாவிட்டால் கிராஸ். திறமையும் உடல்வாகும் அடுத்த கேள்விதான்.

காலில் மாட்டுவதில் தொடங்கும் வித்தியாசம்

பேரலலில் கெட்டி பூட்ஸ். பிளாஸ்டிக் கூடு, இழுத்துப் பூட்டும் கொக்கிகள், பார்வைக்கு ஸ்கீ பூட்ஸின் தம்பி. அதன் கீழே பூட்ஸைப் பிடித்து நிறுத்தும் உலோக பைண்டிங், அதற்கும் கீழே ஒரு தட்டு, கடைசியில்தான் பலகை. ஆண்களின் ஜெயன்ட் ஸ்லாலம் பலகை 185 செ.மீ. அளவில் இருக்கும். கம்பங்கள் நெருங்கி வரும் ஸ்லாலம் என்ற இன்னொரு பேரலல் வடிவத்துக்குப் பலகை 163 செ.மீ. அளவு. நடுவில் பலகையின் அகலம் 20 செ.மீ.கூட இருக்காது.

இந்த அகலம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 31 செ.மீ. பூட்ஸைப் பலகைக்குக் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் ஐந்தரை செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும். பலகையைச் சாய்த்த மறுகணம் விரல்நுனியோ குதிகாலோ பனியில் தட்டி, விளிம்பைத் தூக்கிவிடும். அவ்வளவுதான், ஆள் வலையில் கிடப்பார். அதனால் இரண்டு பாதங்களையும் 60 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ முன்னோக்கித் திருப்பி வைக்கிறார்கள். 60 டிகிரியில் அதே பூட்ஸின் நீளம் குறுக்குவாட்டில் பாதியாகி 15.5 செ.மீ.க்கு வந்துவிடுகிறது. பாதத்தின் அகலம் இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளும். பைண்டிங்கும் தட்டும் சேர்ந்து காலை உயர்த்திப் பிடிப்பதால் அந்த மிச்சம் பனியைத் தொடுவதில்லை. பின்காலின் கோணம் முன்காலைவிடச் சில டிகிரி குறைவு.

தட்டு உயரத்துக்கு மட்டுமல்ல. கெட்டி பூட்ஸை நேராகப் பலகையில் அறைந்தால் காலுக்குக் கீழே பலகை வளையாது. வளையாத பலகை வளைவின் நடுவில் கடகடவென்று அதிரும். தட்டு அந்த இடத்தைத் தளர்த்தி விடுகிறது. பலகைக்குள் டைட்டானல் என்ற அலுமினியக் கலவைத் தகடு அதிர்வை விழுங்குகிறது. சுவிட்சர்லாந்தின் கெஸ்லர், ஆக்ஸெஸ், ஆஸ்திரியாவின் எஸ்ஜி போன்ற சில சிறு பட்டறைகள்தான் இந்தப் பலகைகளைச் செய்கின்றன. புதுப் பலகை 1,000 யூரோவுக்குள் கிடைப்பது அபூர்வம், தட்டும் பைண்டிங்கும் பூட்ஸும் தனிச் செலவு. ஜெயன்ட் ஸ்லாலத்துக்கு ஒன்று, ஸ்லாலத்துக்கு ஒன்று, பயிற்சிக்குப் பழையது ஒன்று என்று மூன்று பலகையாவது இல்லாமல் ஒரு பருவம் ஓட்ட முடியாது. ஊர்க் கடையில் எதுவும் கிடைக்காது. பாதி வளர்ந்த பிள்ளைக்கு எல்லாமே பழைய சாமான் சந்தையில்தான்.

கிராஸில் மெத்து பூட்ஸ், பட்டை போட்டுக் கட்டும் பைண்டிங். முன்கால் 30 டிகிரி பக்கம், பின்கால் ஏறக்குறையக் குறுக்கே. பலகை 155 முதல் 165 செ.மீ., கொஞ்சம் அகலம். உள்ளே இதற்கும் டைட்டானல்தான், செய்கிறவர்களும் பெரும்பாலும் அதே பட்டறைக்காரர்கள். மேட்டை விழுங்கக் கணுக்காலும் முழங்காலும் மடங்க வேண்டும் என்பதால்தான் மெத்து பூட்ஸ். கெட்டி பூட்ஸோடு தாவலில் இருந்து தட்டைத் தரையில் வந்து விழுந்தால் அதிர்ச்சி முழுவதும் நேராக முழங்காலுக்கு ஏறும். உடலோடு ஒட்டிய பந்தய உடை கிராஸில் கிடையாது. சட்டை காற்சட்டை தளர்வாக இருக்க வேண்டும் என்பது விதி.

சாமான் செலவில் கிராஸ் மலிவு, அதில் சந்தேகம் வேண்டாம்.

விளிம்பு தீட்டும் மேசை

பேரலல் வீரரின் நாள் முந்தின இரவு மேசையில் தொடங்கிவிடும். இந்த வேலை அலுப்புத் தட்டினால் அந்தப் பிரிவு வேண்டாம் என்றே சொல்வோம்.

பலகையை இடுக்கியில் நிறுத்தி, அடிப்பரப்பு தட்டையாக இருக்கிறதா என்று உலோகச் சட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்க்க வேண்டும். விளிம்பு உயர்ந்து நடு தாழ்ந்திருந்தால் பலகை நேரே ஓடாமல் எங்காவது கொக்கி போடும். அடுத்து பக்க விளிம்பு. 88 அல்லது 87 டிகிரி வழிகாட்டியில் அரத்தைப் பொருத்தி, முனையிலிருந்து வாலை நோக்கி ஒரே அழுத்தத்தில் இழுப்பு. கல்லில் உரசிய இடம் சூடேறிக் கெட்டிப்பட்டிருக்கும், அங்கே அரம் வழுக்கும். முதலில் வைரக்கல்லால் அந்த இடத்தைக் கொன்றுவிட்டுத்தான் அரம் போட வேண்டும். பிறகு வைரக்கற்கள், முரடிலிருந்து மென்மைக்கு. கடைசியில் விளிம்பில் தொங்கும் மெல்லிய பிசிறை எடுப்பது. இதைத்தான் அவசரத்தில் எல்லாரும் விடுவார்கள். பிசிறு இருந்தால் விளிம்பு விரலுக்குக் கூர்மையாகத் தெரியும். முதல் ஐந்து வளைவு நன்றாகப் பிடிக்கும். பிசிறு உடைந்ததும் ஆறாவது வளைவில் பிடி போய்விடும். கூர்மை போதுமா என்று பார்க்க நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். வெள்ளையாய்த் தூள் சுரண்டி வந்தால் சரி.

மெழுகில் இப்போது தலைவலி குறைவு. 2023-24 பருவத்திலிருந்து எஃப்.ஐ.எஸ் பந்தயங்களில் புளோரின் கலந்த மெழுகுக்குத் தடை. விலையுயர்ந்த பொடி வாங்கக் காசில்லாத சிறு அணிகளுக்கு இது நல்லதுதான். ஆனால் பழைய மெழுகு ஒட்டியிருந்த தூரிகையையோ இஸ்திரியையோ தெரியாமல் எடுத்தால் சோதனையில் மாட்டி, பந்தயத்திலிருந்து நீக்கப்படலாம். பழைய கருவிப்பெட்டியை அப்படியே தூக்கிப்போட்டுவிடுங்கள்.

கிராஸிலும் தீட்டல் உண்டு. ஆனால் அங்கே பந்தயத்தைத் தீர்ப்பது அடிப்பரப்பின் வழுக்கல். தட்டை இடங்களில் மெழுகு சரியாக இருந்தால் ஒரு பலகை நீளம் கிடைக்கும்.

பந்தய நாள்

பேரலலில் காலையில் தகுதிச் சுற்று. நீலத்தில் ஒரு ஓட்டம், சிவப்பில் ஒரு ஓட்டம், இரண்டு நேரங்களையும் கூட்டி முதல் 16 பேர். பிறகு மதியம் இருவர் இருவராக நாக்-அவுட். இறுதிவரை போகிறவர் அன்று ஆறு முறை இறங்குகிறார். ஜெயன்ட் ஸ்லாலத்தில் வாசல்களுக்கு, அதாவது சுற்றிப் போக வேண்டிய கம்பங்களுக்கு, இடையே 20 மீட்டருக்கு மேல். ஸ்லாலத்தில் அதில் பாதி.

முன்பு நாக்-அவுட்டிலும் இரண்டு ஓட்டம் இருந்தது, தவறைத் திருத்த இடமிருந்தது. 2014 சோச்சி ஒலிம்பிக் ஸ்லாலம் அரையிறுதியில் ரஷ்யாவின் விக் வைல்ட் முதல் ஓட்டத்தில் ஆஸ்திரியாவின் பெஞ்சமின் கார்லுக்கு 1.12 நொடி பின்னால் இருந்தார். பாதை மாறிய இரண்டாம் ஓட்டத்தில் 0.04 நொடியில் ஜெயித்துவிட்டார். இப்போது ஒரே ஓட்டம்தான். யாருக்கு எந்தப் பாதை என்பதைக் காலையில் வேகமாக வந்தவரே தேர்ந்தெடுக்கிறார். வெயில் பட்டு ஒரு பாதை இளகிவிட்ட நாளில் இந்தத் தேர்வே பாதி வெற்றி. காலையில் 'எப்படியாவது பதினாறுக்குள் வந்தால் போதும்' என்று ஓடுகிறவர்கள் மதியம் கெட்ட பாதையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

எங்கே தவறுகிறது என்றால், பெரும்பாலும் குதிகால் பக்க வளைவில். விரல் பக்கம் சாயும்போது முழங்காலும் கணுக்காலும் மடங்கி விளிம்பை நுணுக்கமாகச் சரிசெய்யும். குதிகால் பக்கம் சாயும்போது அந்த வசதி இல்லை, இடுப்புதான் எல்லாம் செய்ய வேண்டும். பதற்றத்தில் மேலுடம்பை உள்ளே சாய்த்தால் எடை பலகையை விட்டு விலகும், விளிம்பு அரை மீட்டர் வழுக்கும், பிறகு சட்டென்று பிடிக்கும். அந்த அரை மீட்டர் அடுத்த வாசலில் முக்கால் மீட்டராகும், அதற்கடுத்ததில் ஒன்றரை. ஐந்தாவது வாசலுக்கு வரும்போது கம்பத்தைச் சுற்ற இடமே இருக்காது. வாசல் தவறினால் பந்தயம் முடிந்தது. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு ஐந்தாவது வாசலில் விழுந்தது தெரியும், தவறு நடந்தது முதல் வாசலில்.

கிராஸில் தகுதிச் சுற்று தனியாக நேரத்துக்கு எதிராக. பிறகு சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் மேலங்கி போட்ட நாலு பேர் ஒன்றாக இறங்குவார்கள். முதல் இருவர் அடுத்த சுற்றுக்கு. புறப்படும் கதவின் இரு கைப்பிடிகளையும் பிடித்து இழுத்து உடலை வீசுவதில் முதல் நொடி. அதற்குப் பிறகு வரிசையாக வரும் சிறு மேடுகளை உறிஞ்சி, இறக்கத்தில் அமுக்கி வேகம் சேர்ப்பதில் அடுத்த மூன்று நொடி. முதல் வளைவுக்கு முதலில் வருகிறவர் கோட்டைத் தேர்ந்தெடுப்பார், மற்றவர்கள் அவருக்குப் பின்னால்.

ஆனாலும் முன்னால் போகிறவர் நிம்மதியாக இருக்க முடியாது. நீண்ட நேர்ப்பகுதியில் பின்னால் வருகிறவருக்குக் காற்றுத்தடை குறைவு, அந்த வேகத்தைச் சேமித்துக் கடைசி வளைவில் உள்ளே நுழைவார். 2022 பெய்ஜிங் இறுதியில் அலெஸ்ஸாண்ட்ரோ ஹேமர்லே எலியட் கிராண்டினை முந்தியது 0.02 நொடியில். வேண்டுமென்றே இடித்தாலோ இழுத்தாலோ அந்தச் சுற்றில் கடைசி இடம். வேண்டுமென்றா தெரியாமலா என்று தீர்மானிக்கிறவர் நடுவர். நேரக்கருவியை மட்டுமே நம்பும் சுபாவம் உள்ளவர்களுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது.

முழங்காலின் கணக்கு

பேரலல் உடம்பைத் தேய்க்கும். கிராஸ் உடம்பை உடைக்கும். தாவலைத் தாண்டி அதிக தூரம் பறந்து தட்டையில் விழுவது, இருவர் ஒரே கோட்டில் இறங்குவது, உள்ளே நுழைகிறவரின் பலகை முன்னால் போகிறவரின் வாலைத் தட்டுவது என்று விபத்துக்குக் காரணங்கள் மூன்று நாலுக்குள் அடங்கிவிடும். அவற்றில் பாதிக்கு உங்கள் தவறு தேவையே இல்லை.

இத்தாலியின் மிகேலா மோயோலி 2014 சோச்சி கிராஸ் இறுதிப் போட்டியில் விழுந்து முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார், அப்போது அவருக்கு 18 வயது. 2018ல் தங்கம் வென்றார். அதே சோச்சியில் பியர் வோல்டியே ஏற்கெனவே கிழிந்த தசைநாரோடு, முழங்காலுக்குக் கவசம் கட்டித் தங்கம் வென்றார். 2014 தங்கம் வென்ற எவா சாம்கோவா, பெய்ஜிங்குக்குச் சில வாரங்கள் முன் இரண்டு கணுக்காலும் உடைந்து ஒலிம்பிக்கைத் தவறவிட்டார், 2023ல் உலகச் சாம்பியனாகத் திரும்பி வந்தார். இந்தக் கதைகளை வீரக்கதைகளாகப் படிப்பது வழக்கம். தொழிலாகப் பார்க்கிறவர் வேறு கணக்குப் போட வேண்டும்: தசைநார் கிழிந்தால் ஒரு பருவம் போகும், அந்தப் பருவத்துக்கு யார் சம்பளம் தருவார்?

பேரலலில் வயது ஏறிக்கொண்டே போகும், ஆள் இருப்பார். ஆஸ்திரியாவின் கிளாடியா ரீக்லர் 41 வயதில், 2015ல், உலகச் சாம்பியனானார். 48 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஓடினார். 1980ல் பிறந்த இத்தாலியின் ரோலண்ட் ஃபிஷ்னாலர் 2002 முதல் ஒலிம்பிக் ஒலிம்பிக்காக வந்துகொண்டிருக்கிறார். பெஞ்சமின் கார்ல் 2010ல் வெள்ளி, 2014ல் வெண்கலம், தங்கம் கிடைத்தது 2022ல், 36 வயதில். பனியின் இறுக்கத்தைக் காலால் படிப்பது வருடக்கணக்கில் சேரும் அறிவு, அதை இருபது வயது உடம்பு எளிதில் வெல்ல முடியாது. இதன் மறுபக்கமும் உண்டு: பெரியவர்கள் இடத்தை விடமாட்டார்கள். ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு ஒரு போட்டியில் நாலு பேர்தான். ஆஸ்திரியாவிலோ இத்தாலியிலோ பிறந்த இளைஞர் உலகின் பத்தாவது வேகமானவராக இருந்தும் வீட்டில் உட்கார வேண்டி வரலாம். ஸ்லோவேனியா, போலந்து, பல்கேரியா வீரருக்கு அந்த நெருக்கடி குறைவு. போலந்தின் ஆஸ்கர் க்வியாட்கோவ்ஸ்கி 2023ல் ஜெயன்ட் ஸ்லாலம் உலகச் சாம்பியன்.

கிராஸிலும் விதிவிலக்குகள் உண்டு. 2006 டுரினில் அமெரிக்காவின் லிண்ட்சே ஜேக்கபெல்லிஸ் பெரிய முன்னிலையோடு வந்து, கடைசிக்கு முந்தைய தாவலில் பலகையைப் பிடித்து ஒரு அழகு காட்டப்போய் விழுந்து தங்கத்தை விட்டார். அது 16 வருடம் கழித்து 36 வயதில் கிடைத்தது. சில நாளில் 40 வயது நிக் பவும்கார்ட்னரோடு கலப்பு அணித் தங்கமும்.

சம்பளம் யார் தருவது

பரிசுப் பணத்தை நம்பி இரண்டிலும் வாழ முடியாது. உலகக் கோப்பையில் மேடையேறுகிறவர்களுக்குத் தவிர மற்றவர்களுக்கு அது பயணச் செலவைக்கூட மூடாது. இத்தாலியில் ராணுவம், நிதிக் காவல், போலீஸ், கராபினியேரி என்ற ராணுவக் காவல் படை எல்லாவற்றுக்கும் விளையாட்டுப் பிரிவு உண்டு. அதில் சேர்ந்துவிட்டால் மாதச் சம்பளம், காயம் பட்டாலும் வேலை இருக்கும், ஓய்வுக்குப் பின் அதே துறையில் தொடரலாம். மோயோலி ராணுவ வீராங்கனை. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் இதே வகை ஏற்பாடு. கிராஸின் காயக் கணக்கை இந்தச் சீருடை பெருமளவு சமன் செய்துவிடுகிறது, பேரலலுக்கோ அது இருபது வருட அடித்தளம்.

அமெரிக்காவில் கதையே வேறு. 2010 வான்கூவருக்குப் பிறகு அந்த நாட்டுச் சங்கம் பேரலல் திட்டத்தை மூடியது. அங்கே பிறந்த விக் வைல்ட், ரஷ்ய வீராங்கனை அலியோனா ஸவார்ஸினாவை மணந்து, ரஷ்யக் குடியுரிமை வாங்கி, சோச்சியில் ஜெயன்ட் ஸ்லாலம், ஸ்லாலம் இரண்டிலும் தங்கம் வென்றார். திறமை அதே ஆள்தான், மாறியது நாடு மட்டும். அதே அமெரிக்காவில் கிராஸ் அணி இருந்தது. ஆனாலும் பவும்கார்ட்னர் கோடைக்காலங்களில் கான்கிரீட் வேலை பார்த்துச் சம்பாதித்தார்.

ஒலிம்பிக் பட்டியல் ஆட்டங்காணும்போது

1998 நகானோவில் தனி ஜெயன்ட் ஸ்லாலம். 2002 முதல் அது பேரலல் வடிவம். கிராஸ் 2006ல் வந்தது, கலப்பு அணி கிராஸ் 2022ல். பேரலல் ஸ்லாலம் 2014ல் ஒரே ஒருமுறை வந்து காணாமல் போனது. உலகக் கோப்பையில் இன்றும் நடக்கிறது. ஆனால் சங்கங்கள் காசு ஒதுக்குவது ஒலிம்பிக்கில் உள்ளதற்கே. மீதமிருக்கும் ஜெயன்ட் ஸ்லாலத்தை ஒலிம்பிக்கில் தக்கவைக்கச் சொல்லி வீரர்களே பிரசாரம் செய்யும் நிலை வந்திருக்கிறது. பேரலலின் ஆகப்பெரிய அபாயம் இதுதான், முழங்கால் இல்லை.

எதிர்ப்பக்கத்தில், பேரலல் பயிற்சிக்கு வேண்டியது செங்குத்தான ஒரு சரிவு, கம்பங்கள், துளைப்பான், பனியை இறுக்கத் தண்ணீர். தென்கொரியாவின் லீ சாங்-ஹோ சிறுவயதில் பழகியது முட்டைக்கோஸ் வயலைச் சறுக்குமிடமாக்கிய இடத்தில். 2018ல் சொந்த நாட்டு ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். கிராஸ் பாதையை அப்படி எடுத்துக்கட்ட முடியாது. பெரிய இயந்திரங்கள், வடிவம் வெட்டத் தெரிந்த ஆட்கள், பருவம் முழுக்கப் பராமரிப்பு வேண்டும். நிரந்தரப் பாதை வைத்திருக்கும் மலைகள் கொஞ்சம்தான். பாதை கிடைக்காத மாதங்களில் பி.எம்.எக்ஸ் சைக்கிளும் புறப்பாட்டுக் கதவின் மாதிரியும் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

இரண்டும் சேர்த்து?

ஒரு காலத்தில் முடிந்தது. கனடாவின் ஜேஸி-ஜே ஆண்டர்சன் இரண்டிலும் ஓடி ஒட்டுமொத்த உலகக் கோப்பைப் பட்டங்களைக் குவித்தவர். 2010ல் 34 வயதில் அவருக்கு ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது ஜெயன்ட் ஸ்லாலத்தில். இப்போது பந்தய நாட்கள் மோதுகின்றன. செக் நாட்டின் எஸ்டர் லெடெட்ஸ்கா 2018ல் சூப்பர்-ஜி என்ற ஸ்கீ பந்தயத்தில் 0.01 நொடியில் தங்கம், பிறகு ஸ்னோபோர்டு ஜெயன்ட் ஸ்லாலத்திலும் தங்கம் என்று வென்றது உண்மை. அதைத் திட்டமாகப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள்.

16 வரை இரண்டையும் ஓட்டட்டும். கிராஸ் பழகிய கால் பேரலலில் குழியை விழுங்கும், பேரலல் பழகிய கால் கிராஸ் வளைவில் வேகம் விடாது. சுவிட்சர்லாந்திலோ கனடாவிலோ பிள்ளையைக் கிளப்பில் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோர் முதல் வருடமே 185 செ.மீ. பலகை வாங்க ஓட வேண்டாம். காலளவு நிலைக்கும் வரை பழைய கெட்டி பூட்ஸ், 155 செ.மீ. பக்கம் ஒரு பழைய ஸ்லாலம் பலகை, கிராஸுக்கு இருக்கும் சாதாரணப் பலகை போதும். ஒரு குளிர்காலம் முழுதும் கிளப்பின் நேரப் பட்டியலை எடுத்து வையுங்கள். தனியாக ஓடும்போது வரும் நேரத்தையும், பக்கத்தில் ஆள் ஓடும்போது வரும் நேரத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். பக்கத்தில் ஆள் வந்ததும் நேரம் கெடுகிற பிள்ளைக்கு கிராஸில் வழியில்லை. பேரலலிலும் மதியம் கஷ்டம்தான், ஆனால் அங்கே எதிராளி பிள்ளையின் பாதைக்குள் வரமாட்டார்.